ராடுலா மார்ஜினாட்டாவை வீட்டில் வளர்க்கலாமா?

நான் நியூசிலாந்தின் வடதீவில் வசிக்கிறேன். செடிகொடிகளில் ஆர்வமுள்ள நண்பர்களோடு பேசும்போது ஒரு கேள்வி அடிக்கடி வந்துவிடுகிறது. “உங்க ஊர்க் காட்டுல ஒரு பாசி இருக்காமே, கஞ்சாவுல இருக்கிற மாதிரி ஒரு பொருள் அதுலயும் இருக்காமே, அதை வீட்டுல வளர்க்க முடியுமா?”

அந்தச் செடியின் பெயர் ராடுலா மார்ஜினாட்டா. மாவோரி மொழியில் வைருவாகோஹு. கேட்பவர்களில் சிலருக்கு அந்த வேதிப்பொருள்மீதுதான் கண். சிலருக்கு மெய்யாகவே செடிமீது ஆசை. இரு சாராருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைச் செடிகளை வளர்க்கலாம். ஆனால் அதன் வேகத்துக்கு நாம் இறங்கிவர வேண்டும். அந்த வேகம் என்னவென்று ஒருமுறை தெரிந்துகொண்டவர், காட்டுப் பாறையிலிருந்து அதை உரித்து எடுத்துவர மாட்டார். வளர்க்கக் கற்றுக்கொள்வதன் பெரிய பயனே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இது பாசி இல்லையா?

பார்த்தவுடன் பாசி என்றுதான் தோன்றும். ஆனால் இது லிவர்வோர்ட் வகையைச் சேர்ந்தது. பள்ளித் தாவரவியல் பாடத்தில் ரிக்சியா, மர்கான்ஷியா என்று இரண்டு பெயர்கள் படித்திருப்பீர்கள். ஈரமண்ணில் தட்டையாக ஒட்டிப் படர்ந்து கிடப்பவை. லிவர்வோர்ட் என்றால் அந்தத் தட்டை உருவம்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. உலகில் ஏறக்குறைய ஏழாயிரம் லிவர்வோர்ட் இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தண்டும் இலையுமாகத்தான் இருக்கின்றன. ராடுலாவும் அப்படித்தான். இவற்றை இலைவகை லிவர்வோர்ட் என்று சொல்லலாம்.

பாசியிலிருந்து இதைப் பிரித்தறிய, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். நகைத் தொழில் செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அதுவேகூடப் போதும். பாசியின் இலைகள் பெரும்பாலும் தண்டைச் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும். பலவற்றில் இலையின் நடுவே நரம்பு ஓடும். இலைவகை லிவர்வோர்ட்டில் நடுநரம்பு இருக்காது. இலைகள் தண்டின் இரு பக்கமும் நேர்த்தியாக வரிசை கட்டி நிற்கும். பல இனங்களில் தண்டின் அடிப்பக்கத்தில் மூன்றாவது வரிசையாகச் சின்னஞ்சிறு இலைகளும் இருக்கும்.

ராடுலாவுக்கு அந்த மூன்றாவது வரிசை கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வோர் இலையும் இரண்டாக மடிந்திருக்கும். மேலே பெரிய வட்ட மடல். அதைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒட்டினாற்போல் ஒரு சிறிய மடல். பிடித்துக்கொள்வதற்கான மெல்லிய இழைகள் அந்தச் சிறிய மடலிலிருந்துதான் புறப்படுகின்றன, தண்டிலிருந்து இல்லை. இந்த ஓர் அடையாளத்தை வைத்தே, காட்டில் நின்றபடி “இது ராடுலா” என்று சொல்லிவிடலாம். எந்த ராடுலா என்று சொல்வதுதான் கடினம். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும், பழக்கம் வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இன்னொரு அழகு தெரியும். இலையின் தடிமன் ஒரே ஒரு செல். அந்தச் செல்லுக்குள் பெரிய பழுப்பு நிற எண்ணெய் உருண்டை ஒன்று, சிலவற்றில் இரண்டு மூன்று, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராடுலா பேரினத்தின் கையெழுத்து அது. இந்த எண்ணெய் உருண்டைகளைப் பச்சையாக இருக்கும்போதுதான் பார்க்க முடியும். காய்ந்தால் மறைந்துவிடும். பழைய உலர்மாதிரிகளை மட்டும் வைத்துப் பெயரிட்டவர்கள் எவ்வளவு பெரிய அடையாளத்தை இழந்து வேலை செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால், அவர்கள்மீது மரியாதை கூடுகிறது.

எங்கே வாழ்கிறது?

நியூசிலாந்தின் பரப்பளவு தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. அதற்குள் 600க்கும் மேற்பட்ட லிவர்வோர்ட் இனங்கள் இருக்கின்றன. காரணம் மழையும் காடும். ரிமு, கவுரி போன்ற நெடுமரங்கள் மேலே கூரை கட்டும். அதற்குக் கீழே அகன்ற இலை மரங்கள். அதற்கும் கீழே ஆள் உயரத்தைத் தாண்டிய பெரணி மரங்கள். இத்தனை அடுக்குகளையும் தாண்டி வரும் வெளிச்சம் மிகக் குறைவு. அந்த அரையிருட்டில், ஓடையோரப் பாறை முகங்களிலும், மரங்களின் அடித்தண்டிலும், சரிவுகளில் துருத்தி நிற்கும் வேர்களிலும் ராடுலா படர்ந்திருக்கும். நிறம் பழுப்பு கலந்த பச்சை. பக்கத்திலேயே பளிச்சென்று இருக்கும் பாசிகள் நம் கண்ணை இழுத்துவிடுவதால், பலர் இதைக் கடந்து போய்விடுவார்கள்.

இந்தச் செடிக்கு வேர் கிடையாது. நீரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றிச் செல்லும் குழாய்த் திசுவும் கிடையாது. நான் மேலே சொன்ன மெல்லிய இழைகள் பிடிமானத்துக்குத்தான். மழையும் மூடுபனியும் பாறையில் கசியும் நீரும் எங்கே தொடுகிறதோ அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும். இலை மடிப்புக்குள் தங்கும் சிறிதளவு நீர் இன்னும் கொஞ்சநேரம் ஈரத்தைக் காக்கும். காற்று உலர்ந்தால் செடியும் உலரும். உள்ளே நடக்கும் வேலையெல்லாம் நின்றுவிடும். மறுபடி நனைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நம் வீட்டு ரோஜாவைப் போல உள்ளே நீரைச் சேமித்து நிதானமாகச் செலவழிக்கும் வசதி இதற்கு இல்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரம் எதுவோ அதுவே இதன் ஈரம்.

வளர்க்க நினைப்பவர் மனதில் நிறுத்த வேண்டிய முதல் செய்தி இது. இங்கே நாம் பராமரிப்பது செடியைச் சுற்றியுள்ள காற்றை. செடி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

இந்த வாழ்க்கைமுறை நேற்று வந்ததில்லை. மியான்மரில் கிடைத்த, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமையான ஆம்பர் பிசினுக்குள் ஒரு ராடுலா உறைந்திருந்தது. அதை 2017-ல் ராடுலா கிரெட்டேசியா என்று பெயரிட்டு விவரித்தார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே இந்தக் குடும்பம் மரம் ஏறிவிட்டது என்று பொருள். மரத்தில் வாழ்வதற்கேற்ற ஏற்பாடும் அதனிடம் உண்டு. பாசி, பெரணி வகைகள் பலவற்றில் ஸ்போர் என்பது ஒற்றைச் செல்தான். ராடுலாவின் ஸ்போர் உறைக்குள் இருக்கும்போதே பிளந்து பல செல்களாகிவிடுகிறது. ஈரம் நிலையில்லாத மரப்பட்டையில் வந்து விழுந்தால், உடனே பற்றிக்கொள்ள அது தயாராக இருக்கும்.

பெயரிட்டவர்களும் தேடியவர்களும்

இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் வந்தது 1844-ல். ஜோசப் டால்டன் ஹூக்கர் அப்போது இளைஞர். எரெபஸ், டெரர் என்ற கப்பல்களில் ஜேம்ஸ் ராஸ் தலைமையில் தென்துருவம் நோக்கிப் போன பயணத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தவர். 1841-ல் கப்பல்கள் நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸில் சில மாதம் தங்கின. ஹூக்கர் காட்டுக்குள் புகுந்து சேகரித்தார். ஊர் திரும்பியபின் லிவர்வோர்ட்டுகளை அயர்லாந்தில் இருந்த தாமஸ் டெய்லரோடு சேர்ந்து விவரித்தார். மார்ஜினாட்டாவும் அந்த வரிசையில் வந்ததுதான்.

ஆனால் நியூசிலாந்து லிவர்வோர்ட்டுகள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் எமி ஹாட்ஜ்சன். 1888-ல் பிறந்தவர். வைரோவா பக்கம் பண்ணைக் குடும்பத்தில் வாழ்ந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. அதே ஊரில் வழக்கறிஞராக இருந்த சேன்ஸ்பரி பாசிகளில் பெரிய நிபுணர். அவருடைய தூண்டுதலில் இவர் லிவர்வோர்ட்டுகளைப் பார்க்கத் தொடங்கினார். வீட்டு வேலை, பண்ணை வேலைகளுக்கு நடுவே நாடெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் தபாலில் அனுப்பிய பொட்டலங்களைப் பிரித்து ஆராய்ந்து, 1930 முதல் கட்டுரைகள் வெளியிட்டார். புதிய இனங்கள் பலவற்றுக்குப் பெயரிட்டார். 1961-ல் நியூசிலாந்து ராயல் சொசைட்டி தன் ஃபெலோவாக ஏற்றது. 1976-ல், தன் 87-ஆவது வயதில், மாஸ்ஸி பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம் பெற்றார். இந்தச் செடிகளைப் புரிந்துகொள்ள ஒரு லென்ஸும் பல ஆண்டுப் பொறுமையும் போதும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஃபோரோ. பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. ஒரு பாசிப் பேரினத்துக்கே ஃபோரோயெல்லா என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் போகிற நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அந்த வேதிப்பொருள்

இப்போது எல்லோரும் கேட்கும் பகுதிக்கு வருகிறேன்.

ஜப்பானில் தொகுஷிமா புன்ரி பல்கலைக்கழகத்தின் யோஷினோரி அசகாவா லிவர்வோர்ட் வேதியியலுக்கே தன் ஆயுளைக் கொடுத்தவர். அவருடைய குழு 1994-ல் ஜப்பானிய ராடுலா பெரோட்டெட்டி என்ற இனத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. அதற்குப் பெரோட்டெட்டினீன் என்று பெயர். அதன் கட்டமைப்பு கஞ்சாவில் உள்ள டிஹெச்சி மூலக்கூற்றை வெகுவாக ஒத்திருந்தது. 2002-ல் நியூசிலாந்தின் ராடுலா மார்ஜினாட்டாவிலும் அதே பொருளும், அதன் அமில வடிவமும் இருப்பதைக் கண்டார்கள். கஞ்சாச் செடியின் முன்னோரும் லிவர்வோர்ட்டின் முன்னோரும் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். இவ்வளவு தூரத்துச் சொந்தங்கள் இரண்டும் தனித்தனியே நடந்து ஏறக்குறைய ஒரே மூலக்கூற்றுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் வியப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

செய்தி பரவியதும் செடியைக் காயவைத்து, சட்டத்துக்கு உட்பட்ட போதை என்று விற்கத் தொடங்கினார்கள். இந்தச் செய்திகளைக் கவனித்த பெர்ன் பல்கலைக்கழகத்தின் யூர்க் கெர்ட்ஷ் குழுவும், சூரிச் ஈடிஹெச்சில் எரிக் கரெய்ரா குழுவும் சேர்ந்து அதை முறையாக ஆராய்ந்தன. முடிவுகள் 2018-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தன. சோதனை நடந்தது எலிகளில். அந்தப் பொருள் மூளைக்குள் சென்றது. டிஹெச்சி பற்றிக்கொள்ளும் அதே ஏற்பியில் அதுவும் பற்றியது, ஆனால் வீரியம் டிஹெச்சியைவிடக் குறைவு. மூளையில் அழற்சியோடு தொடர்புள்ள சில பொருள்களின் அளவை அது குறைத்தது. டிஹெச்சி அப்படிக் குறைக்கவில்லை. மருத்துவ ஆய்வாளர்கள் இதைக் கவனிப்பது இந்த வேறுபாட்டுக்காகத்தான். மனிதர்களுக்கு இது பாதுகாப்பானது என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. சோதனைக்குத் தேவையான பெரோட்டெட்டினீனை அவர்கள் ஆய்வகத்திலேயே தயாரித்துக்கொண்டார்கள். அந்த மூலக்கூறு வேண்டுமென்றால் குடுவையில் செய்துகொள்ளலாம். அதற்காக ஒரு பாறையிலிருந்தும் ஒரு கொத்துக்கூட உரிக்கத் தேவையில்லை.

செடி எதற்காக இதையெல்லாம் தயாரிக்கிறது? எண்ணெய் உருண்டைகளுக்குள் விதவிதமான பொருள்களை லிவர்வோர்ட்டுகள் சேர்த்து வைக்கின்றன. 2020-ல் வெளியான ஆய்வுகளில், எண்ணெய் உருண்டை உருவாகாதபடி மாற்றப்பட்ட மர்கான்ஷியாவை மரப்பேன் போன்ற சிறு பிராணிகள் விரும்பித் தின்றன. உருண்டைகள் உள்ள இயல்பான செடியை அவ்வளவாகத் தொடவில்லை. முள்ளோ கடினமான தோலோ இல்லாத, ஒரே செல் தடிமனுள்ள இலைக்கு இந்த எண்ணெய்தான் கவசம். அந்தக் கவசம் நம்மையும் விட்டுவைக்காது. ஃப்ருல்லானியா என்ற இலைவகை லிவர்வோர்ட் படர்ந்த மரங்களை வெட்டுபவர்களுக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமை வருவது மருத்துவ உலகில் நன்கு தெரிந்த செய்தி. அறிமுகமில்லாத லிவர்வோர்ட்டை வாயில் போடுவதும் புகைப்பதும் அறிவான செயலில்லை என்று சொல்ல இது ஒன்றே போதும்.

சரி, வளர்ப்பது எப்படி?

முதல் ஆலோசனை: மார்ஜினாட்டாவிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் தோட்டத்திலோ, சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கிய நிலத்திலோ, காற்றில் முறிந்து விழுந்த கிளையைப் பாருங்கள். ஈரமான ஊராக இருந்தால் அதில் ஏதாவது ஓர் இலைவகை லிவர்வோர்ட் ஒட்டிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் கிளை தரையில் கிடந்து மட்கினால், மரவாசியான அந்தச் செடியும் பெரும்பாலும் கூடவே அழிந்துவிடும். அதனால் அதை எடுத்துவருவதில் யாருக்கும் இழப்பில்லை. பட்டையோடு சேர்த்து எடுங்கள். சுரண்டாதீர்கள். நான் என் பெட்டியில் வளர்ப்பவை எல்லாம் இப்படி விழுந்த கிளைகளில் வந்தவைதான்.

பெட்டி. மூடியுள்ள கண்ணாடித் தொட்டி, பழைய மீன்தொட்டி, பெரிய ஊறுகாய் ஜாடி எதுவானாலும் சரி. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவிய கூழாங்கல் அல்லது எரிமலைக்கல் போடுங்கள். இங்கே பியூமிஸ் கல் மலிவாகக் கிடைக்கிறது, எடையும் இல்லை. வடிந்த நீர் அங்கே தங்கி, பெட்டிக்குள் காற்றை ஈரமாக வைத்திருக்கும். செடி அந்த நீரைத் தொடக்கூடாது.

பிடிமானம். மண் வேண்டாம். கரடுமுரடான மரப்பட்டை, ஈரம் பிடிக்கும் கல், பெரணி மரத்தண்டு இவற்றில் ஒன்று. பொங்கா என்று இங்கே அழைக்கப்படும் வெள்ளிப் பெரணி மரத்தின் தண்டுத் துண்டுகள் தோட்டக்கடைகளில் கிடைக்கும். நார்நாராக இருப்பதால் லிவர்வோர்ட் எளிதில் பற்றும். செடி பட்டையோடு வந்திருந்தால் அந்தப் பட்டையை அப்படியே சாய்த்து வையுங்கள். தனியாக வந்திருந்தால் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். நூல் இற்றுப்போவதற்குள் செடி தானே பிடித்துக்கொள்ளும்.

நீர். வளர்ப்பில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் இதுதான் முடிவுசெய்யும். மழைநீர் சிறந்தது. இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த நீர் அல்லது ஆர்ஓ நீர். குழாய்நீரில் உள்ள குளோரினும் உப்பும், நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பும் ஆபத்து. வேர் இருக்கும் செடியானால் மண் கொஞ்சம் வடிகட்டிக் கொடுக்கும். இங்கே நீர் நேராக ஒற்றைச் செல் இலையின்மேல் விழுகிறது. நீர் ஆவியாகிப் போனபின் உப்பு இலைமேலேயே தங்கிவிடும். மெல்லிய தூவானாகத் தெளியுங்கள், சொட்டச்சொட்ட நனைக்காதீர்கள். அடுத்த தெளிப்புக்கு முன் இலையின் பளபளப்பு ஒருமுறை அடங்க வேண்டும்.

காற்று. ஈரம் வேண்டும் என்பதற்காக மூடியை நிரந்தரமாக இறுக்கிவிடுபவர்கள் உண்டு. காட்டில் ஓடையோரம் நின்று பாருங்கள், காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அசையாத ஈரக் காற்றில் லிவர்வோர்ட்டைவிட வேகமாகப் பூஞ்சை வளரும். தினமும் சிறிது நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் ஓர் ஓரமாக எப்போதும் சிறு இடைவெளி விடுங்கள். வெள்ளை நூல்கள் தெரிந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, திறந்து வைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். ஸ்பிரிங்டெயில் என்னும் கண்ணுக்குத் தெரியும் தெரியாத அளவுள்ள பூச்சிகளை விட்டால், பூஞ்சையைத் தின்று பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும்.

வெளிச்சம். நேர்வெயில் ஒரு மணிநேரம் பட்டாலும் மூடிய பெட்டிக்குள் சூடு ஏறிச் செடி வெந்துவிடும். நியூசிலாந்தில் தெற்கு பார்த்த சன்னல் நல்லது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு வடக்கு பார்த்த சன்னல். செயற்கை விளக்கு என்றால் சிறிய எல்இடி ஒன்றைத் தள்ளி வைத்து, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம். இலைமேல் பச்சை வழுவழுப்பு படர்ந்தால் வெளிச்சமோ சத்தோ அதிகம் என்று பொருள்.

வெப்பம். ஆக்லாந்தில் கோடையின் சராசரி சுமார் 20 டிகிரி, குளிர்காலத்தில் சுமார் 11. காட்டுக்குள் இதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். ஆகவே 10 முதல் 20 டிகிரி வரை வசதி. நாள்கணக்கில் 25-ஐத் தாண்டினால் குளிர்ந்த நாட்டு இனங்கள் தளர்ந்துவிடும். சென்னை, மதுரை வாசிகள் நியூசிலாந்துச் செடியை ஆசைப்படாமல் இருக்க இது ஒரு நல்ல காரணம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை நண்பர்களுக்கு அந்தந்த மலையின் இனங்களே அந்தக் காலநிலைக்குப் பழகியவை.

உரம். வேண்டாம். தூசியும் மழைநீரும் கொடுப்பது போதும். உரம் போட்டால் பயனடைவது பாசிப்படலமும் பூஞ்சையும்தான்.

பெருக்குவது. சிறு துண்டு போதும். ஒடிந்த தண்டிலிருந்தும், பல இனங்களில் உதிர்ந்த இலையிலிருந்தும் புதுச் செடி முளைக்கும். ஐரோப்பாவில் மரப்பட்டைகளில் சாதாரணமாகக் காணப்படும் ராடுலா கொம்ப்ளனாட்டா, தன் இலை ஓரத்திலேயே சின்னஞ்சிறு தட்டுகளை உருவாக்கி உதிர்க்கும். ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடி. உங்கள் செடியில் கருப்பு முத்தும் அதற்குக் கீழே கண்ணாடி போன்ற காம்பும் தெரிந்தால் நீங்கள் பாக்கியசாலி. அதுதான் ஸ்போர்ப் பை. காம்பு சில நாள்களே நிற்கும். பை நான்காகப் பிளந்து, உள்ளிருக்கும் சுருள் இழைகள் முறுக்கவிழ்ந்து ஸ்போர்களைத் தள்ளும்.

ஆய்வகங்களில் இன்னொரு வழி உண்டு. பிளக்காத ஸ்போர்ப் பையை நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் கழுவி, கிருமி நீக்கிய அகர் ஊடகத்தில் விதைப்பார்கள். மர்கான்ஷியாவுக்குப் பயன்படும், பாதியாக நீர்த்த காம்போர்க் பி5 ஊடகம் இதற்கும் ஒரு நல்ல தொடக்கம். இங்கிலாந்தில் கியூ தாவரவியல் பூங்கா, அழியும் நிலையிலுள்ள பாசிகளையும் லிவர்வோர்ட்டுகளையும் இப்படிக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, பின்னர் அதிகுளிரில் உறையவைத்துப் பாதுகாக்கும் பணியைச் செய்திருக்கிறது.

காலம். எல்லாம் சரியாக அமைந்தாலும் இலைவகை லிவர்வோர்ட்டுகள் பலவும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், போனால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் நீளும். புது இடத்தில் வைத்தபின் முதல் சில மாதம் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். அந்த நேரத்தில் இடம் மாற்றுவது, கூடுதலாக நனைப்பது, சத்து கொடுப்பது எதுவும் வேண்டாம். ஓரமாக ஓர் அளவுகோலை வைத்து, மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுங்கள். கண்ணுக்குப் புலப்படாத வளர்ச்சி படங்களில் தெரியும். நுனியில் வெளிர்பச்சையாகப் புதிய இலைகள் வந்தால் செடி ஊன்றிவிட்டது.

காட்டில் கை வைக்கும் முன்

இந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாறையில் படர்ந்திருக்கும் ராடுலா, அந்த அளவுக்கு வர எத்தனை ஆண்டு எடுத்திருக்கும்? அதை உரிக்க எத்தனை வினாடி? சிறு பை ஒன்றை நிரப்ப எத்தனை பாறைகளை மொட்டையடிக்க வேண்டும்? இதைக் காயவைத்து விற்பவர்கள் விற்பது அந்த ஆண்டுகளைத்தான்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. நியூசிலாந்தில் பொதுப் பாதுகாப்பு நிலங்களில் செடி எடுக்க இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். வடக்குப் பக்கக் காடுகளில் கவுரி மரங்களைக் கொல்லும் நோய் மண் மூலம் பரவுகிறது. ஆக்லாந்துக்கு அருகேயுள்ள வைதாகரே மலைக்காட்டில் தெ கவெராவ் ஆ மாகி என்ற மாவோரிக் குழுவினர் 2017 இறுதியில் நுழைவுக்குத் தடை அறிவித்தார்கள். மறு ஆண்டு நகராட்சியும் காட்டுப் பகுதிகளை மூடியது. நடைபாதையை விட்டு விலகிச் செடி தேடும் ஒவ்வொருவரின் காலணியும் அந்த நோயைச் சுமக்கலாம். செருப்புச் சுத்தம் செய்யும் இடங்களை வைத்திருப்பது அதற்காகத்தான். பாதையிலிருந்தபடியே பாருங்கள். லென்ஸ் கையில் இருந்தால் பாதையோரத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

இந்தியாவுக்குச் செடிகளைக் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வாங்க வேண்டும். “ஒரு சிட்டிகைப் பாசிதானே” என்று தபாலில் அனுப்பச் சொல்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தென்கோளத்தைச் சேர்ந்த லோபோகோலியா செமிடெரெஸ் என்ற இலைவகை லிவர்வோர்ட் 1950களில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளில், ட்ரெஸ்கோவில் காணப்பட்டது. இன்று அது பிரிட்டன் முழுவதும் பல இடங்களில் பரவி, ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் வேரூன்றிவிட்டது. இந்தச் செடிகள் மெதுவாக வளரும். ஆனால் துண்டு துண்டாக இடம்பெயர்ந்து நிலைகொள்ளும் திறமை அவற்றிடம் இருக்கிறது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் எஞ்சியிருக்கும் சோலைக்காடுகளில் ராடுலா பேரினத்தின் இனங்கள் வாழ்கின்றன. அங்கேயும் விதி அதேதான். காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது. ஆனால் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாட்டின் லிவர்வோர்ட்டுகளைப் பொறுமையாகப் பார்க்கும் கண்கள் மிகக் குறைவு. எமி ஹாட்ஜ்சன் போல, ஃபோரோ பாதிரியார் போல யாராவது ஒருவர் கொத்தகிரியிலோ ஏற்காட்டிலோ உட்கார்ந்து தன் மலையை மட்டும் முழுதாகப் பார்க்கத் தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆகவே, கேள்வி கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இதுதான். பெரோட்டெட்டினீன்மீது ஆர்வமென்றால் அது வேதியியலாளரின் குடுவையிலிருந்து வரட்டும். ராடுலா மார்ஜினாட்டாவைப் பார்க்க ஆசையென்றால் இங்கே வாருங்கள், பாதையோரத்தில் நின்று காட்டுகிறேன். வளர்க்க ஆசையென்றால் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். அடுத்த மழைக்குப் பிறகு உங்கள் தோட்டத்தில் விழுந்து கிடக்கும் கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலையின் அடியில் சிறிய மடல் இருக்கிறதா என்று பார்த்துப் படத்தோடு எனக்கு எழுதுங்கள். எந்த இனம் என்று சேர்ந்தே கண்டுபிடிப்போம்.